காரைக்குடியிலிருந்து எட்டுப் பேர் மும்பைக் கண்காட்சிக்கு: மனஸ்தாபம் இல்லாமல் போய் வருவது எப்படி?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல்லும் பழைய செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் மரவேலையும் செய்து விற்கிற நிறுவனம் உங்களுடையது. பிப்ரவரியில் மும்பை கோரேகாவ் நெஸ்கோ வளாகத்தில் மூன்று நாள் கண்காட்சி. எட்டுப் பேர் போகிறீர்கள், அதில் இரண்டு பெண்கள், 63 வயது ஆசாரி ஒருவர். போன முறை பெங்களூர் போய்த் திரும்பியபோது இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு ஆகிவிட்டது. இந்த முறை என்ன செய்யலாம்?

காரைக்குடியில் ஒரு நிறுவனத்துக்காக 14 வருடமாக ஆட்களை வெளியூருக்கு அனுப்பும் வேலையைப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பயணக் களைப்பால் யாரும் சண்டை போடுவதில்லை. இரவு 11 மணிக்கு, பசியோடு, பெட்டியும் கையுமாக நடுரோட்டில் நின்றுகொண்டு "இப்ப என்ன செய்யிறது?" என்று முடிவெடுக்க நேரும்போதுதான் வார்த்தை தடிக்கிறது. அதனால் வழியில் எடுக்க வேண்டிய முடிவு எதையும் வழிக்கு விட்டுவைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஊரிலேயே, வயிறு நிறைந்திருக்கும்போது, உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் நாள். கண்காட்சித் தேதி உங்கள் கையில் இல்லை, ஆனால் யார் போவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. தைப்பூசம் சில வருடம் ஜனவரிக் கடைசியில் வரும், சில வருடம் பிப்ரவரியில் வரும். குன்றக்குடியில் காவடி கூடிப் பழநிக்கு நடக்கும் நாட்களில் உங்கள் ஆட்களில் யாராவது பாதயாத்திரைக்கு நேர்ந்திருக்கலாம். தை, மாசி முகூர்த்த மாதங்கள். பங்காளி வீட்டுக் கல்யாணத்தை விட்டுவிட்டு மும்பையில் நிற்கிறவரின் மனசு கல்யாண வீட்டில்தான் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் போவதாக இருந்தால் நகரத்தார் வீடுகளில் இருக்கும் பிள்ளையார் நோன்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டுப் பேரையும் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள், அங்கே எல்லாரும் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். டிக்கெட் போடும் முன் கேட்டால் செலவில்லாமல் ஆள் மாற்றலாம்.

அடுத்து, அட்டவணையைக் கண்காட்சியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். வியாழக்கிழமை காலை 10 மணிக்குக் கண்காட்சி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை ஸ்டால் அமைக்க வேண்டும். எட்டுப் பேரும் புதன் காலைதான் இறங்குகிறார்கள் என்றால் இறங்கிய கையோடு வேலை, ராத்திரி வரை ஓய்வில்லை, முதல் நாளே முகம் வாடிவிடும். அதனால் இரண்டு பேர் செவ்வாய்க்கிழமையே போய்விடட்டும். ஸ்டால் இடத்தைப் பார்த்து, பார்சல் வந்து சேர்ந்ததை உறுதி செய்து, லாட்ஜில் அறைகளை நேரில் பார்த்துவிடுவார்கள். மற்ற ஆறு பேர் புதன் மதியத்துக்குள் வந்தால் போதும். பழநிப் பாதயாத்திரையில் நடக்கிறவர்கள் வந்து சேரும் முன்பே சமையல் சாமான் ஏற்றிய வண்டி அடுத்த தங்கலுக்குப் போய் உலை வைத்திருக்கும். அந்த வண்டி வேலையைத்தான் இந்த இரண்டு பேரும் செய்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. விமான நிலையம் நம்மிடம் இல்லை. திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், 90 கிலோமீட்டர் சொச்சம். மும்பைக்கு நேர் விமானம் எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில் என்பது அவ்வப்போது மாறுவதால் இரண்டையும் பாருங்கள். நேரமும் கட்டணமும் ஒன்றுபோல் இருந்தால் நான் திருச்சியைத்தான் எடுப்பேன். திருமயம், புதுக்கோட்டை வழியாக வரும் சாலையிலேயே விமான நிலையம் வந்துவிடுகிறது, திருச்சி ஊருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. மதுரை என்றால் திருப்பத்தூர், மேலூர் தாண்டி ரிங் ரோட்டைப் பிடித்து நகரத்தைச் சுற்றித் தெற்கே போக வேண்டும். அதிகாலையில் பரவாயில்லை, மாலையில் அந்தக் கடைசி இருபது கிலோமீட்டர் கழுத்தை அறுக்கும்.

உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். காலை 10.30 விமானம் என்றால் 8.30-க்கு வாசலில் இருக்க வேண்டும். ஓட்டம் இரண்டு மணி நேரம், டீக்கு நிறுத்த, ரயில்வே கேட்டில் நிற்க அரை மணி. ஆக வேன் 6 மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும். இங்கேதான் எல்லாரும் ஒரு தப்பு செய்கிறார்கள். செக்காலையில் ஒருவர், பள்ளத்தூரில் ஒருவர், ஆத்தங்குடியில் இருவர் என்று வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போகத் திட்டம் போடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று ஐந்து நிமிடம் போகும். கடைசி ஆள் ஏறும்போது முக்கால் மணி நேரம் காணாமல் போயிருக்கும், முதலில் ஏறியவர் கடுகடுவென்று உட்கார்ந்திருப்பார். பெண்களையும் பெரியவரையும் மட்டும் வீட்டில் போய் ஏற்றுங்கள். மற்றவர்கள் எல்லாரும் புது பஸ் ஸ்டாண்டு வாசலில் 5.45-க்கு. அவ்வளவுதான். சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் முதல் நாள் ராத்திரியே காரைக்குடி வந்து தங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தால் அவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

டிக்கெட் போடும்போது பெயரில் மிகவும் கவனம் வேண்டும். நம் பக்கத்து இன்ஷியல் வெளியூர்க் கம்ப்யூட்டருக்குப் புரியாது. ஒருவருக்கு "ராம. சுப." என்று இருக்கும், இன்னொருவருக்கு மூன்று இன்ஷியல். படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். அவசரத்தில் ஒருவர் ஊர்ப் பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார். வழி எளிது. எட்டுப் பேரின் ஆதார் அட்டையையும் படம் எடுத்து வாங்கிக்கொண்டு, அதில் உள்ள எழுத்தைப் பார்த்து அப்படியே அடியுங்கள். இன்ஷியலாக இருந்தால் அதன் விரிவை அவரிடமே கேட்டு எழுதுங்கள். வாயால் சொல்லி எழுதினால் "சொக்கலிங்கம்" மூன்று விதமாக வரும். விமான நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் எழுத்துப் பிழையைச் சொன்னால் கட்டணம் இல்லாமல் திருத்த வேண்டும் என்பது விதி. ஆகவே பதிவு செய்த அன்றைக்கே டிக்கெட்டை ஒவ்வொருவருக்கும் அனுப்பி "உங்க பேர் சரியா இருக்கா பாருங்க" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

எல்லாரையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், போட வேண்டியதில்லை. முதலில் போகிற இருவர் தனி, மீதி ஆறு பேரை மூன்று மூன்றாக. இப்படிப் பிரித்தால் சில நேரம் காசும் மிச்சம். ஒரே பதிவில் நிறைய இருக்கை கேட்டால், அத்தனை பேருக்கும் இடம் இருக்கிற மேல்கட்டணப் பிரிவைத்தான் எல்லாருக்கும் போடும். குறைந்த விலையில் மிச்சம் இருக்கிற மூன்று இருக்கை உங்கள் கண்ணுக்கே படாது. ஆனால் பெரியவரையும் அவருக்குத் துணையாக வருபவரையும் எக்காரணம் கொண்டும் வேறு வேறு பிஎன்ஆரில் போடாதீர்கள். விமானம் ரத்தாகி வேறொன்றில் மாற்றும்போது பிஎன்ஆர் வாரியாகத்தான் மாற்றுவார்கள், துணை ஒரு பக்கம் பெரியவர் ஒரு பக்கம் ஆகிவிடும்.

மும்பையில் எங்கே இறங்குகிறோம் என்பதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சாந்தாக்ரூஸ் பக்கம் முதல் டெர்மினல், சஹார் பக்கம் இரண்டாவது டெர்மினல். இரண்டுக்கும் நடுவே உள்ளே நடந்து போக வழி கிடையாது, சாலையில்தான் போக வேண்டும். இப்போது நவி மும்பையிலும் விமான நிலையம் வந்துவிட்டது. அங்கே இறங்கினால் கோரேகாவ் நகரத்தின் மறுகோடி. கட்டணம் சில நூறு ரூபாய் குறைகிறதே என்று அதைப் போட்டுவிட்டு டாக்ஸிக்கு அதைவிட அதிகம் கொடுக்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்பதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.

தங்குமிடம் நெஸ்கோவுக்கு நடந்து போகும் தூரத்திலோ, ஆட்டோவில் பத்து நிமிடத்திலோ இருக்கட்டும். கோரேகாவ், ஜோகேஸ்வரி, தள்ளிப் போனால் அந்தேரி. வாடகை கூடத்தான். ஆனால் கண்காட்சி முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் வண்டிகள் நகராது. காலெல்லாம் கடுக்க நின்றவர்களை இன்னும் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார வைத்து மிச்சம் பிடிக்கிற பணம் நமக்கு வேண்டாம். பெண்கள் இருவருக்கும் ஓர் அறை, அது மற்ற அறைகள் இருக்கிற தளத்திலேயே இருக்கட்டும். யாரோடு யார் தங்குவது என்பதை ரிசப்ஷனில் நின்றுகொண்டு பேசவே கூடாது. போன முறை பேச்சு நின்றுபோன இருவரை ஒரே அறையில் போட்டுச் சமாதானம் செய்து வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அது அறையில் நடக்காது, வேலை நன்றாக நடந்தால் தானாக நடக்கும்.

கணக்குக்காக ஒன்று. விமான டிக்கெட்டில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தால் அந்த வரியை வரவு வைத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மும்பை ஓட்டல் போடுவது மகாராஷ்டிரத்து வரி, தமிழ்நாட்டில் மட்டும் பதிவு இருக்கிற உங்களுக்கு அது வரவாகாது. பட்ஜெட் போடும்போதே வரியையும் சேர்த்து அறை வாடகையாக எழுதிவிடுங்கள்.

சாம்பிள் சரக்கை ஆட்களோடு அனுப்பாதீர்கள். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஒருவருக்குப் பெட்டியில் 15 கிலோ, கையில் 7 கிலோ. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுகவைத்த சிமென்ட் கல். கனம் அதிகம், ஓரம் சுலபமாகப் பெயரும். சில கல் வைத்தாலே ஒருவருடைய பெட்டிக் கணக்கு முடிந்துவிடும். மரச்சட்டத்தில் வைக்கோல் கொடுத்துக் கட்டி, பத்து நாள் முன்பே லாரி ஆபீசில் போட்டுவிடுங்கள். விற்பனைக்கு அல்ல, காட்சிக்கு என்று குறிப்பிட்டு டெலிவரி சலான் போட வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். ஒரே ஒரு நல்ல கல்லையும் சிறிய மரச்செதுக்கு ஒன்றையும் மட்டும் துணியில் சுற்றிப் பெட்டியில் கொண்டுபோங்கள். லாரி எங்கேயாவது நின்றுவிட்டால்கூட முதல் நாள் வருகிறவரிடம் கையில் எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இட்லிப் பொடியும் ஊறுகாயும் கட்டாயம் யாராவது எடுத்து வருவார்கள், எடுத்து வரட்டும். ஆனால் மிளகாய்ப் பொடி சேர்ந்த எதையும் கைப்பையில் வைக்கக் கூடாது, பாதுகாப்புச் சோதனையில் குப்பையில் போடச் சொல்வார்கள். பெட்டியில் போடுங்கள். அதே பெட்டியில் கொப்பரைத் தேங்காய் கூடாது. பவர் பேங்க் பெட்டியில் கூடாது, கையில்தான். முறுக்கு, சீடை, மாவுருண்டைக்குத் தடையில்லை. ஒரு டின் தனியாக ஸ்டாலுக்கு என்றே கொண்டுபோங்கள். பேச வருகிறவர்களுக்கு ஒரு தட்டில் நம் செட்டிநாட்டுப் பலகாரமான மனகோலம் வைத்தால் இரண்டு நிமிடம் நிற்பவர் பத்து நிமிடம் நிற்பார், எங்கள் ஸ்டாலில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருநாள் இரவாவது மாட்டுங்கா போய் வாருங்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நம் பக்கத்துச் சாப்பாடு கிடைக்கும். மூன்றாம் நாள் ரசம் சாதம் சாப்பிட்ட பிறகு எங்கள் ஆட்கள் பேச்சே மாறியிருக்கிறது.

இனிப் பணம். இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வேலைக்குப் போகிற ஒருவர் தன் சொந்தப் பணத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு கேட்டு வாங்கும் நிலை வரவே கூடாது. பல வருடம் முன்பு எங்களோடு வந்த ஒரு பையன், வண்டிக்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்று நின்றபோது, தன் பையிலிருந்து 4,200 ரூபாய் எடுத்துக் கொடுத்தான். ரசீது இல்லை என்று அலுவலகத்தில் இழுத்தடித்து, இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தப் பணம் வந்தது. அது அவன் தங்கை காலேஜ் ஃபீசுக்கு வைத்திருந்த பணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதன்பிறகு எந்தப் பயணத்திலும் அவன் முன்னால் வந்து ஒரு காரியம் செய்யவில்லை. ஒரு நல்ல ஆளை 4,200 ரூபாய்க்கு இழந்தோம், இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

ஆகவே பேட்டா எவ்வளவு என்பதை எழுத்தில் கொடுத்து, கிளம்பும் முதல் நாளே எல்லார் கையிலும் கொடுத்துவிடுங்கள். மிச்சம் பிடித்தால் அவர்களுக்கே. பொதுச் செலவுக்கு இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள், ஒருவரிடம் மட்டும் வேண்டாம். ரசீது கிடைக்காத செலவுக்கு இவ்வளவு வரை கேள்வி இல்லை என்று ஒரு தொகையும் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள், பெரிய தொகை எல்லாம் பேங்க் வழியாகப் போகட்டும். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் நகரத்தார் கடைக்கு ஏஜெண்டு போகிறவர்கள் கப்பல் ஏறும் முன்பே சம்பளச் சீட்டு எழுதினார்கள். எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். அவர்களுக்கு மூன்று வருடத்துக்கு எழுத முடிந்தது, நமக்கு ஐந்து நாளைக்கு ஒரு பக்கம் எழுத முடியாதா?

அந்த ஒரு பக்கத்தை அச்சடித்து எல்லார் சட்டைப் பையிலும் வையுங்கள். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் குரூப் இருக்கட்டும், ஆனால் சார்ஜ் போனால் அதுவும் போச்சு. லாட்ஜ் பெயரும் முகவரியும் தமிழிலும் இந்தியிலும், வேன் டிரைவர் அண்ணன் நம்பர், மும்பையில் பேசிவைத்த டாக்ஸிக்காரர் நம்பர், ஒவ்வொருவருக்கும் ரத்தப் பிரிவு, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், அப்புறம் மிக முக்கியமாக, வழியில் முடிவெடுப்பவர் யார் என்பது. முடிவெடுப்பவர் ஒருவர்தான். முதலாளி ஊரில் இருந்துகொண்டு போனில் வேறு மாதிரி சொல்லக் கூடாது. இந்தக் கடைசி வரி உங்களுக்காக எழுதியது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆசாரியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அவர் நினைவாகவே இருக்கிறது. முதன்முறையாக விமானம் ஏறுகிறார் என்றால் அவருக்கென்று ஒருவரை ஒதுக்குங்கள். எங்களோடு வந்த ஒரு பெரியவர் கதவு, நிலை, உத்தரம் எதையும் அளக்காமலே கண்ணால் சொல்கிறவர், எஸ்கலேட்டர் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. நம் ஆட்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நகர்கிற படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் லிஃப்ட் இருந்தது, அதைச் சொல்ல ஆள் இல்லை. நான் கீழே இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. அன்றைக்கு ஸ்டாலில் யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் தெரிந்துகொள்ள விரும்பியதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அந்தக் கூச்சத்தால் அந்த நாள் முழுக்கப் போயிற்று. அதனால் முன்கூட்டியே ஒரு நாள் உட்கார்ந்து, சோதனையில் பெல்ட் கழற்றச் சொல்வார்கள், காது அடைக்கும், கழிப்பறைக் கதவு இப்படித் திறக்கும் என்று சொல்லிவிடுங்கள். ஓரத்து இருக்கை போடுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வைத்தாரா என்று துணைக்கு வருபவர் கேட்கட்டும்.

ஸ்டாலில் எட்டுப் பேரும் மூன்று நாளும் நிற்க வேண்டாம். நான்கு நான்காக மாற்றுங்கள், மதியம் இரண்டு மணி நேரம் ஒரு பாதி ஆட்கள் அறையில் படுக்கட்டும். இந்தி பேசுகிறவர் ஒருவர் எந்நேரமும் இருந்தால் போதும்.

விமானம் தாமதமானால் பதற்றம் வேண்டாம், அதற்கும் முடிவை இப்போதே எடுத்து வையுங்கள். குளிர்காலத்தில் மும்பையில் வெயில் அடித்தாலும், டெல்லிப் பனியில் மாட்டிக்கொண்ட விமானம் வந்துதான் உங்களை ஏற்ற வேண்டியிருக்கும், அதனால் தாமதம் வரும். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எவ்வளவு நேரம் பொறுப்பது, அதற்குப் பிறகு சென்னை வழியாக வருவதா, ஒரு இரவு தங்குவதா என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

கண்காட்சி முடிகிற அன்றே இரவு விமானம் போடாதீர்கள். ஸ்டாலைப் பிரித்து, சரக்கைக் கட்டி, லாரிக்காரரிடம் ஒப்படைக்க எப்படியும் இரவு பத்து ஆகும். அன்றிரவு எல்லாரும் தூங்கட்டும், மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்பலாம். திருச்சியில் வேன் முன்கூட்டியே வந்து நிற்கட்டும், புதுக்கோட்டையில் நிறுத்திச் சூடாக இரண்டு தோசை சாப்பிட வையுங்கள். போகும்போது ஒரே இடத்தில் ஏறச் சொன்னேன் அல்லவா, திரும்பும்போது அப்படி வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் வேனை ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் விடுங்கள். பெண்களை இறக்கியதும் கதவு திறந்து உள்ளே போன பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்று டிரைவர் அண்ணனிடம் முன்பே சொல்லிவையுங்கள். மறுநாள் எட்டுப் பேருக்கும் லீவு.